மனுவில் இரண்டாவது பெயர்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை போனில் அரை மணி நேரம் பேசினாயே, உன் தொண்டைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்தில் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டாய். அந்தப் பயிற்சி டாக்டர் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்காமலே நாலு தடவை சொன்னாய். அவன் சாப்பிடுவதில்லையாம். தூங்குவதில்லையாம். அவனுடைய அம்மா என்னிடம் பேச வேண்டும் என்கிறாளாம். அதனால் அவன் மேல் நான் கொடுத்த புகார் மனுவை வாபஸ் வாங்க வேண்டுமாம். வாங்க மாட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், கடைசி வரை படித்து ஏமாற வேண்டாம்.

"அவனுக்கு இருபத்து நாலு வயசுதாம்மா, இந்த வயசுல ஒரு கறை விழுந்தா வாழ்க்கையே போயிரும்" என்றாய். அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போதும் வயதைத்தான் சொன்னீர்கள். இவனை விட்டுவிடச் சொல்லவும் வயதைத்தான் சொல்கிறாய். இத்தனை வருடப் படிப்பில் வயதைத் தவிர வேறு காரணமே உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா? இந்தக் கடிதத்தை டாக்டர்கள் பேரை எல்லாம் எடுத்துவிட்டு வெளியிலும் கொடுக்கப் போகிறேன். உன்னோடு வெள்ளைக் கோட்டு போட்டுத் திரிகிறவர்களும் படிக்கட்டும். எந்த ஆஸ்பத்திரி என்று இதில் எழுத மாட்டேன். மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடச் சொல்ல மாட்டேன். அதெல்லாம் மனுவில் விவரமாக இருக்கிறது. முப்பது வருடம் அங்கன்வாடியில் இருந்தவள் நான். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள். எதை எங்கே எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை ஒரு தடவை வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு எல்லாம் துண்டுதுண்டாகத்தான் தெரியும், அதுவும் நீ காது கொடுத்த துண்டுகள் மட்டும். கவாத்து நேரம். காமயகவுண்டன்பட்டியில் ராவுத்தர் தோட்டத்தில் அப்பா திராட்சைக் கொடி வெட்டிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு அடியில் குனிந்தே நிற்கும் மனுஷன், ஏதோ நினைப்பில் வேகமாக நிமிர்ந்து கல்தூணின் முனையில் தலையை இடித்துக்கொண்டார். ரத்தம்கூட வரவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஐஸ் வை என்றாய். வைத்தேன். அடுத்த நாளே வேலைக்குப் போய்விட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக வந்தது. கைலியை இடுப்பில் சொருகத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். நம் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் போய்த் திரும்பினார். ஒரு நாள் காலையில் பாய் நனைந்திருந்தது. இதை உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பாயை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, செம்பு தவறிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். மனசுக்குள் நானே சொல்லிக்கொண்டேன், வயதாகிறது என்று. முதல் ஒரு வாரம் அந்தப் பாழாய்ப் போன வார்த்தையைச் சொன்னது நான்தான் தம்பி. உன்னைத் திட்டும்போது என்னை விட்டுவிட்டுத் திட்டவில்லை.

கண்டுபிடித்தது ராவுத்தர். தோட்டத்திலிருந்து பைக்கிலேயே வீட்டுக்கு வந்தவர், உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினார். "டீச்சரம்மா, அண்ணன் வெட்டுற வெட்டு இல்ல இது. ஒரு வரிசை பூராம் அடிக்கட்டை வரைக்கும் அறுத்துப் போட்டிருக்காக. கொடி போனாப் போகுது. நாப்பது வருசமா ஒரு கண்ணு தப்பாத கை. தலைல பட்டதுலேர்ந்துதான் இப்படி இருக்காக, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பத்தாவது தாண்டாத மனுஷர். ஒரு வரிசைக் கொடியைப் பார்த்துவிட்டுத் தலையில் பட்டது என்று சொன்னார். டாக்டருக்குப் படித்த நீங்கள் இரண்டு பேரும் ஆளையே பார்த்தும் சொல்லவில்லை. ஒருவன் நேரில் பார்த்தான், ஒருவன் போனில் பார்த்தான்.

மறுநாளே கூட்டிப்போனேன். டவுன் பஸ்ஸில் கம்பம், அங்கிருந்து இன்னொரு பஸ். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ஆதார் அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். சீட்டில் வயது எழுபத்து நாலு என்று விழுந்தது. அந்த எழுபத்து நாலு எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ பத்தாவது படிக்கையில் அப்பாவுக்குத் தோள்பட்டை விலகி ஒரு வருடம் கை தூக்க முடியாமல் கிடந்தார். முதியோர் உதவித்தொகை வாங்கினால் உன் ராயப்பன்பட்டி ஹாஸ்டலுக்கு ஆகுமே என்று, ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அறுபது என்று ஃபாரம் நிரப்பியது இந்தக் கைதான், அந்த வயதுதான் பிறகு ஆதாரிலும் ஏறியது. அவருக்கு மட்டுமா? தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். நம் தெருவில் ஒருத்தரும் தன் வயதில் இல்லை. "அட்டையில பாத்தா அப்பா எனக்குத் தாத்தா" என்று நீ கேலி செய்வாய். நாங்களும் சிரிப்போம்.

அந்த அறையில் நாலு பயிற்சி டாக்டர்கள் இருந்தார்கள். நமக்கு வாய்த்தவன் சீட்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அப்பாவை அவன் பார்க்கவே இல்லை. "பெரியவருக்குக் காது கேக்குமா?" என்று என்னிடம் கேட்டான். "கேக்கும்யா" என்று அப்பாவே சொன்னார். அப்போதும் அவன் திரும்பவில்லை. "தலைக்குள்ள ஒரு பாரம் இருக்குய்யா" என்று அப்பா அவனிடம்தான் சொன்னார், அவன் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தான். தலையில் அடிபட்டது, மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "எழுபத்து நாலாச்சும்மா. மறதி, தள்ளாட்டம் எல்லாம் இனிமே வரத்தான் செய்யும். இந்த வயசுல மிஷினுக்குள்ள படுக்கப் போட்டு ஏம்மா கஷ்டப்படுத்துறீங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. பாசமாகத்தான் சொன்னான். அந்தப் பாசத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிந்து விழுந்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு ஸ்கேன் எடுக்க வைத்திருப்பேன்.

சண்டை போடாமல் நான் செய்த காரியம் உனக்குப் போன் போட்டதுதான். என் மகனும் டாக்டர், பேசுங்கள் என்று பெருமையாக அவன் கையில் கொடுத்தேன். நீங்கள் இங்கிலீஷில் பேசினீர்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது. முடிவில் அவன் சிரித்தான், நீ அந்தப் பக்கம் சிரித்ததும் எனக்குக் கேட்டது. போனை வாங்கியதும் நீ சொன்னாய்: "அவன் சொல்றது சரிதாம்மா. வயசு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அவனுக்கு எழுபத்து நாலு என்பது சீட்டில் இருந்தது. உனக்கு அறுபத்தாறு என்று தெரியும். அவன் அடிபட்டதைக் கேட்டும் சும்மா விட்டான். நீ ஐஸ் வைக்கச் சொன்னதையே மறந்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார், "தம்பி என்ன சொல்லுச்சு?" ஒன்றுமில்லையாம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "தம்பியே சொல்லிருச்சுன்னா சரிதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் இருந்தார். ஒன்பது நாளும் தலைப்பாரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலி இல்லாமல் இல்லை, காலையில் எழுந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். மகன் டாக்டர், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான், அதற்கு மேல் வலிக்கிறது என்று சொன்னால் அது மகனுக்கு மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறார். பத்தாம் நாள் காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

108 வண்டியில் மதுரை போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, என் வயது இருக்கும், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "தலையில எங்கயாச்சும் அடிபட்டுச்சா?" எழுபத்து நாலு என்ற சீட்டு அவர் கையிலும்தான் இருந்தது. ஸ்கேனில் மண்டைக்குள் பழைய ரத்தம் கட்டி மூளையை அமுக்கியிருந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் சின்னதாக ஒரு துளை போட்டு எடுத்து, நடந்தே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையில் பிடி இல்லை. பேச்சு இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு வேலை செய்து முடித்துவிடலாம். கவாத்துக் கத்தரியை ராவுத்தர் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கக்கூட அப்பா வலது கையைத்தான் நீட்டப் பார்த்தார்.

அப்புறம் எனக்குள் என்னென்ன ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்று நினைத்தேன். அவனைப் பெற்றவள் அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டும் என்று நினைத்தேன். மலையடிவாரத்துக் கருப்பு கோயிலில் காசு வெட்டிப் போடப் போனேன். உனக்கு நம்பிக்கை இல்லை, இருக்கட்டும். கல்லின் மேல் காசை வைத்து, கெடுதல் செய்தவன் பெயரைச் சொல்லி, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். மற்றதைக் கருப்பு பார்த்துக்கொள்ளும். காசை வைத்தேன், அவன் பெயரைச் சொன்னேன். பூசாரி உளியை ஓங்காமல் வைத்துக்கொண்டு கேட்டார்: "வேற யாரும் சேந்து செஞ்சாகளாத்தா? சம்பந்தப்பட்டவுக பேரப் பூராம் சொல்லிரு. ஒண்ண மறைச்சா வெட்டு நம்ம வீட்டுப் பக்கந்தான் திரும்பும்." நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்துதான் மனு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதப் பழசெல்லாம் வந்தது. நீ ஐந்தாம் வகுப்பில் ஆண்டுவிழா நாடகத்தில் கிழவன் வேடம் போட்டாய். பஞ்சுத் தாடி, கையில் கம்பு, யார் எதைக் கேட்டாலும் "என்ன? என்ன?" என்று காதில் கை வைத்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தாய். சபை சிரித்து உருண்டது. பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சத்தமாகக் கை தட்டியது நான்தான். வரும் வழியில் அப்பா மட்டும் கேட்டார், "இந்தா, எல்லாக் கிழவனுமா செவிடு?" அவருக்கு ரசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். போன பொங்கலுக்கு வந்தபோது கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே உங்கள் வார்டில் நடப்பதைச் சொன்னாய். காலையில் ரவுண்ட்ஸ் போகும்போது வயதானவர்கள் கட்டில் வந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்களாம், நின்றால் பேச ஆரம்பித்துவிடுவார்களாம், நேரமாகிவிடுமாம். இந்தச் சிக்கனத்தைச் சீனியர்தான் சொல்லிக் கொடுத்தாராம். கும்பிட்டுக் காட்டினாய். நான் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த மனுஷரைத்தான் நாலு மாதத்தில் நீ போனிலேயே கும்பிட்டு அனுப்பினாய்.

மனுவில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: அட்டையில் எழுபத்து நாலு என்று இருந்தாலும் என் கணவருக்கு உண்மையில் அறுபத்தாறுதான், ஆகவே அவரைக் கவனிக்காமல் விட்டது தவறு. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். படித்ததும் எனக்கே அறைந்தது போல் இருந்தது. அப்படியானால் நிஜமாகவே எழுபத்து நாலு என்றால் விட்டுவிடலாமா? நான் என்ன, என் புருஷனுக்கு எட்டு வருடத்தைத் திருப்பிக் கொடுங்கள், மற்றக் கிழவர்களை எப்படியோ செய்துகொள்ளுங்கள் என்றா மனுக் கொடுக்கிறேன்? தெருவில் நான் வயது ஏற்றிவிட்ட அத்தனை பேரும் கண்முன் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏற்றாமலே வயதானவர்களும் வந்தார்கள். அந்த வரியை அடித்தேன். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அடித்தேன். நீயும் விசாரணையில் அந்த எட்டு வருடத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்காதே, அட்டை தப்பாக இருந்தது என்று சொல்லாதே. அட்டை தப்பு என் தப்பு, அதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உதவித்தொகை நின்றால் நிற்கட்டும்.

விசாரணையில் உனக்கு என்ன வேலை என்று இப்போது யோசிப்பாய். சொல்கிறேன். வாபஸ் வாங்கச் சொன்னாயே, அந்த மனுவை நீ படிக்கவில்லை. அதில் பெயர் ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது. முதல் பெயர் அவன். இரண்டாவது நீ. நோயாளியைப் பார்க்காமல் போனில் முடிவு சொன்ன டாக்டர் என்று எழுதி, நீ படிக்கும் கல்லூரி, பதிவு எண் எல்லாம் போட்டிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் மகன் என்றே எழுதினேன். கருப்பு முன்னால் உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. தாளில் எழுதக் கை வந்தது. உனக்கும் இந்த வாரத்தில் கடிதம் வரும். அந்தப் பயிற்சி டாக்டரின் அம்மாவிடம் சொல், இந்த அம்மாவும் தன் பிள்ளை பெயரை எழுதித்தான் கொடுத்திருக்கிறாள், அதற்குப் பிறகு பேச ஆசை இருந்தால் வரட்டும், டீ போட்டுக் கொடுக்கிறேன்.

பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று கேட்பாய். பெற்றவள் என்பதால்தான் செய்தேன். அடுத்த மாதம் உன் மேல்படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகு உன் முன்னால் நாளைக்கு நூறு பேர் வந்து உட்காருவார்கள், அதில் பாதி வெள்ளைத் தலையாக இருக்கும். அவர்களில் ஒருத்தியாவது உன் மேல் காசு வெட்டப் போவாள். அவளுக்கு உன் பெயரைச் சொல்ல வாய் தடுக்காது. என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே, இதெல்லாம் உன் நல்லதுக்கு என்று மழுப்பவும் இல்லை. உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். வலித்தால்தான் அடுத்த சீட்டைப் பார்க்கும்போது கை நிற்கும்.

விசாரணை திங்கட்கிழமை. நீ சனிக்கிழமையே வந்துவிடு. காரில் கொண்டுவந்து யார் விட்டாலும் கம்பத்திலேயே இறங்கிக்கொள், அப்பாவையும் என்னையும் கூட்டிப்போன அதே டவுன் பஸ்ஸில் வா. வீட்டுக்குள் வந்ததும் பழச்சாறு, பழம் என்று பையைத் திறக்காதே, காலில் விழுந்து அழாதே. அழுதால் அவர்தான் உன்னைத் தேற்றுவார், அவருக்கு உன் மேல் கோபம் இல்லை. தம்பி வருதா என்று தினமும் கேட்கிறார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீ வந்து பார்.

விசாரணையில் உன்னிடம் முதலில் நோயாளியின் வயது என்ன என்று கேட்பார்கள். அதற்கு முன்னால், சனிக்கிழமை, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார். என்னைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து, "என்னப்பா செய்யுது?" என்று கேள். அவர் பதில் சொல்வார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகும். நடுவில் எழுந்திருக்காதே.

அம்மா